கோபுரத்து மேல ஒரு சிலுவை!

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் யார் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடிக்க ஆதார் கார்டெல்லாம் கேட்க வேண்டாம். நடையைப் பார்த்தால் போதும். முதல் நாள் ராத்திரி பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் வந்த புண்ணியத்தோடும் புண்ணோடும், வாத்து மாதிரி அசைந்து அசைந்து நண்பன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தேன்.

நண்பனும் நானும் காலேஜில் பி.காம். ஒரே பெஞ்சு. அவன் கிறிஸ்தவன், ஊரில் இருக்கிற டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அண்ணாமலையார் ஊரில் டென்மார்க் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். அந்த நாட்டு லுத்தரன் மிஷனரிகள் இந்தப் பக்கமெல்லாம் சபையும் பள்ளிக்கூடமும் வைத்தது பழைய கதை. இப்போது கிரிவலப் பாதையில் ஒரு மணி நேரம் நின்றால் ஐக்கிய நாடுகள் சபையையே கூட்டிவிடலாம்.

"காலை நீட்டி உட்காருடா. ஐயர் வர்ற நேரம்" என்றான் நண்பன்.

தூக்கிவாரிப் போட்டது. கிறிஸ்தவர் வீட்டில் ஐயருக்கு என்ன வேலை? அவசரமாகக் காலை மடக்கிக்கொண்டேன். வந்தவர் சைக்கிள் ஹேண்டில் மாதிரி மீசை வைத்த ஒரு பாதிரியார். தமிழ்நாட்டுப் புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்த மரியாதைக்கு இரண்டு தோசை எக்ஸ்ட்ரா.

ஐயர் கையில் சுருட்டின மூன்று பிளான். நண்பனின் சொந்தக் கிராமத்தில் சபையின் பழைய ஓட்டுக் கட்டடம் விரிசல் விட்டுவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். நண்பன்தான் பொருளாளர். (பி.காம். படித்தவனை உலகம் வேறு எதற்குக் கூப்பிடும்?) ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம். அங்கே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் பிளான், கூர்மையான வளைவு, ஊசி மாதிரி கோபுரம், பக்கா வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச். இரண்டாவது, இளைஞர் அணி போட்டது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏ.ஸி., பெரிய திரை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நகைக்கடை. மூன்றாவது ஐயரின் ஆசை. தூண்கள், மண்டபம், வாசலில் நம்மூர்க் கோபுரம், அதன் உச்சியில் சிலுவை.

"இது நம்ம மண்ணோட வடிவம் தம்பி. எதுக்கு இங்கிலாந்தைக் கடன் வாங்கணும்?" என்றார் ஐயர்.

எனக்கு மூன்றாவதுதான் பிடித்தது. சொல்லவும் சொன்னேன். உள்ளேயிருந்து நண்பனின் அம்மா காபி டம்ளரோடு வந்தார். எழுபத்தெட்டு வயது. டம்ளரை என் பக்கத்தில் 'ணங்' என்று வைத்தார்.

"கோபுரம் வேணாம் ஐயரே. கோபுரத்தை எட்ட நின்னு பார்த்த வம்சம் நாங்க. மறுபடியும் அதையே கொண்டாந்து என் வாசல்ல நிறுத்துவீங்களா?"

திண்ணையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐயர் மெதுவாக, "அம்மா, ஒரே ஒரு தடவை திருப்பத்தூர் போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்புறமும் வேணாம்னா பிளானைக் கிழிச்சிடறேன்" என்றார்.

அப்படித்தான், காலில் கொப்புளத்தோடு ஒரு கிறிஸ்தவ யாத்திரையும் என் கணக்கில் ஏறியது.

*

திருவண்ணாமலையிலிருந்து திருப்பத்தூர் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. செங்கம், சிங்காரப்பேட்டை வழி. கண்டக்டரிடம் அம்மா, "பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே?" என்று கேட்க, "அது டவுன் பஸ் பாட்டிம்மா" என்று அவர் டிக்கெட் கிழித்தார். ஜன்னல் சீட் அம்மாவுக்கு. வலது பக்கம் ஜவ்வாது மலை கூடவே ஓடி வந்தது.

"அது என்னடா, சர்ச்சுன்னாலே ஊசிக் கோபுரம்?" என்று நண்பனைக் கேட்டேன்.

பாதி அவன் சொன்னது, மீதி நான் பிறகு தேடிப் படித்தது. மேல்நாட்டில் பனி கொட்டும். கூரை சரிவாக இருந்தால்தான் வழுக்கி விழும், தட்டையாக இருந்தால் பாரம் தாங்காது. உயரமான கோபுரம் ஊருக்கெல்லாம் அடையாளம், மணியோசை எட்டுவதற்கும் வசதி. அங்கே எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. நம் ஊருக்குக் கப்பலில் வரும்போது வடிவம் மட்டும் வந்தது, காரணம் அங்கேயே நின்றுவிட்டது. செங்கத்தில் எந்தக் காலத்தில் பனி கொட்டியது?

இங்கிலாந்துத் திருச்சபை, அதாவது ஆங்கிலிகன் சபை, கிழக்கிந்தியக் கம்பெனி கூடவே வந்தது. சென்னையில் 1815-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தைப் பார்த்தால் லண்டனில் எங்கேயோ இருந்து பெயர்த்து எடுத்து வந்த மாதிரி இருக்கும். அதே கட்டடத்தில்தான் 1947 செப்டம்பர் 27-ம் தேதி ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் கலந்து தென்னிந்தியத் திருச்சபை, நாம் சி.எஸ்.ஐ. என்கிறோமே, அது பிறந்தது. நாடு சுதந்திரம் வாங்கி ஆறே வாரம். தென்னிந்தியாவில் பெரும்பாலான இடங்களில் ஆங்கிலிகன் என்ற பெயர்ப்பலகை அன்றோடு இறங்கியது. போர்டு மாறியதே தவிர கட்டடம் மாறவில்லை. நம் ஆபீஸ்களில் மேனேஜர் மாறுவாரே, அந்த மாதிரி.

கட்டடம் என்றால் சும்மா இல்லை. அதைக் கட்டினவன் மனசில் இருக்கிற பயமும் ஆசையும் அதில் எழுதியிருக்கும். டெல்லி கன்டோன்மென்டில் பட்டாளத்துக்காக ஆங்கிலிகன்கள் கட்டிய செயின்ட் மார்ட்டின் சர்ச் ஒன்று இருக்கிறது. ஆர்தர் ஷூஸ்மித் என்பவர் வடிவமைத்தது. 1931-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நவீனக் கட்டடக் கலைப் புத்தகங்களில் மரியாதையோடு பேசுவார்கள். 35 லட்சம் செங்கல்! பூச்சு இல்லை, அலங்காரம் இல்லை, ஜன்னல் சின்னதாக எங்கோ மேலே. அழகுதான். ஆனால் முதல் பார்வைக்குக் கோட்டை.

அதற்கும் ஒரு பழைய காரணம் சொல்லலாம். 1857 மே 10, ஞாயிற்றுக்கிழமை. மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது வெள்ளைக்காரர்கள் சாயங்கால ஆராதனைக்குக் கிளம்பிய நேரத்தில். அதற்குப் பிறகு பட்டாளத்துச் சர்ச்சுகளில் சோல்ஜர்கள் துப்பாக்கியோடு போய் உட்கார்ந்தார்கள். துப்பாக்கியைச் சாய்த்து வைக்கப் பெஞ்சிலேயே பள்ளம் வெட்டி வைத்தார்கள். ஒரு கையில் ஜெபப் புத்தகம், பக்கத்தில் துப்பாக்கி. ஆண்டவரும் கொஞ்சம் உஷாராகத்தான் இருந்திருப்பார்.

இந்தக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த அம்மா, சிங்காரப்பேட்டை தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பெஞ்சுல முன்னாடி யாரு உட்காருவாங்க?"

"பெரிய ஆபீஸருங்கதாம்மா."

"ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த 'ம்'-க்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

*

திருப்பத்தூர் 2019-லிருந்து தனி மாவட்டத் தலைநகர். அதற்கு 98 வருஷம் முன்பு, 1921-ல், இரண்டு டாக்டர்கள் இங்கே வந்து ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். பெயர் கிறிஸ்துகுல ஆசிரமம். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் இந்தியாவில் அமைத்த ஆசிரமங்களில் முன்னோடி.

ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டனில் பழக்கமான இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் கட்டி, சுற்று வட்டாரத்துக்கு வைத்தியம் பார்த்து இங்கேயே வாழ்ந்தார்கள்.

ஜனங்கள் அவர்களுக்கு வைத்த பெயர்தான் விசேஷம். ஏசுதாசன் 'பெரியண்ணன்'. பேட்டன் 'சின்னண்ணன்'. தேதியைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் எதிரே வந்தால் ஜில்லா கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிற காலம். மிஷன்களிலும் வெள்ளைக்காரர் மேலே, நம்மவர் கீழே என்ற ஏணி இருந்தது. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையிலிருந்து போன வி.எஸ்.அசரியா, 'எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனால் நண்பர்களாகப் பழகவில்லையே' என்ற பொருளில் நேருக்கு நேர் பேசிவிட்டு வந்தார். அந்த அசரியாதான் 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிகன் பிஷப் ஆனார்.

அந்தக் குறைக்குத் திருப்பத்தூரில் கிடைத்த பதில் இரண்டே வார்த்தை. பெரியண்ணன், சின்னண்ணன். அண்ணன் கறுப்பு, தம்பி வெள்ளை.

சின்னண்ணன் சும்மா வேஷத்துக்குக் கதர் கட்டினவர் இல்லை. 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த சமயம் கதரோடு தெருவில் நின்ற இவரைப் போலீஸ் தடியால் அடித்தது. ஒரு ஸ்காட்லாந்துக்காரரை வெள்ளைக்கார சர்க்காரே அடித்த விவகாரம் லண்டன் பார்லிமென்ட் வரை போனது.

இந்த அண்ணன் தம்பி சேர்ந்து எழுப்பிய வழிபாட்டுக் கூடம்தான் நாங்கள் பார்க்க வந்தது. பெயர் ஜெபாலயம்.

*

ஆசிரமத்துக்குள் மரங்கள் அடர்த்தி. ஊர்ச் சத்தம் கேட்டோடு நின்றுவிடுகிறது. கொஞ்ச தூரம் நடந்ததும், அடடா... கோபுரம்! தூரத்தில் பார்த்தால் ஏதோ பழைய சிவன் கோயில் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். நான் போட்டுக்கொண்டே விட்டேன். அப்புறம்தான் உச்சியில் சிலுவை கண்ணில் பட்டது. நண்பன் சிரித்தான்.

"பரவாயில்லடா. உனக்கு அப்படித் தோணணும்னுதானே கட்டினாங்க."

உண்மைதான். ஊர்க்காரன் பார்த்ததும் 'இது அந்நியர் இடம்' என்று விலகக் கூடாது என்பதுதான் கட்டியவர்களின் எண்ணம். ஆனால் கோயில் வடிவத்தில் சர்ச் கட்டுவது நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை. இரண்டின் வேலையும் வேறு.

நம் கோயிலில் உள்ளே போகப் போக இடம் குறுகும், வெளிச்சம் குறையும். அண்ணாமலையார் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 11 நிலை, 217 அடி ராஜகோபுரம் தாண்டி, அடுத்தடுத்துக் கோபுரங்கள் தாண்டி, கடைசியில் கருவறை ஒரு சின்ன இருட்டறை. அங்கே கூட்டம் உட்கார வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொருத்தராகப் போய், எட்டிப் பார்த்து, தரிசனம் முடித்து நகர வேண்டியதுதான். சர்ச் அப்படி இல்லை. மொத்த சபையும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். கடைசி வரிசையில் கண் அசருகிறவருக்கும் பிரசங்கம் கேட்க வேண்டும். ஆகவே கோபுரமும் தூணும் கோயிலிலிருந்து வந்தாலும், மண்டபம்தான் இங்கே முக்கியமாகிறது.

திசையும் மாறும். கிழக்கு பார்த்த சன்னிதியில் சாமி கிழக்கே பார்க்கும், பக்தர் மேற்கே பார்த்துக் கும்பிடுவார். பழைய கிறிஸ்தவ வழக்கத்தில் பலிபீடம் கிழக்குப் பக்கம், சபையார் கிழக்கே பார்த்து உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் சூரியன் ஒன்றுதான். யார் அதைப் பார்ப்பது என்பதில்தான் வித்தியாசம்.

தமிழன் இதிலெல்லாம் எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டான் என்று தோன்றுகிறது. 'மாதா கோயில்', 'வேதக் கோயில்' என்று பெயரில் கோயிலை முதலிலேயே கொடுத்துவிட்டான். கட்டடம்தான் கொஞ்சம் லேட்.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நான் கழற்றிவிட்டேன். நேற்று ராத்திரி முழுக்கப் பழகிய பாதம். நண்பனும் கழற்றினான். அம்மா நின்றுவிட்டார்.

"என்னம்மா?"

பதில் இல்லை. வாசலையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, எங்களை அழைத்துப் போன ஆசிரமத்துப் பெரியவரைக் கேட்டார்.

"இங்க... எல்லாரும்தானே கழட்டறாங்க?"

"எல்லாரும்தாம்மா. பிஷப் வந்தாலும் கழட்டணும்."

"அப்ப சரி" என்று கழற்றி ஓரமாக வைத்தார்.

நண்பன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அம்மா சிறுமியாக இருந்தபோது அவர்கள் ஊரில் மேலத்தெரு வழியாகப் போகும்போது அவர்கள் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் போட்டுக்கொண்டு போகலாம். நான் வேண்டிக்கொண்டு செருப்பைக் கழற்றினவன். அவர் மிரட்டலுக்குக் கழற்றினவர். இரண்டும் வெறுங்கால்தான். ஒன்றா?

கோபுரத்தின் கீழே நுழையும்போது அம்மா தலையை அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலிக்குமே என்று நான் நினைக்கும் அளவுக்கு நேரம்.

உள்ளே கல் தரையின் குளிர்ச்சி. கொப்புளத்துக்குச் சொர்க்கம். தரையில்தான் உட்கார்ந்தோம். அம்மா தூணில் சாய்ந்து கண்ணை மூடினார். ஜெபமா, தூக்கமா தெரியவில்லை. பெரியவர் தாழ்ந்த குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏசுதாசன் 1937-ல் பழைய ஆசிரமங்களையும் புதிய ஆசிரமங்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாராம்.

நான் மனசுக்குள் வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இது எழுந்தது 1939-க்கு முன்னால். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஏ.வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8-ம் தேதி. அதை ஒட்டித்தான் அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்பார்கள். அன்றைக்குப் பல லட்சம் பேருக்கு அந்தத் தூர தரிசனம் மட்டும்தான் அனுமதி. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தியே விலகிக் கொடுத்தது என்று புராணம் சொல்கிறது. மனுஷன்தான் விலகிக் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் இங்கே ஒரு கோபுரம், அதன் கீழே யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம் என்று நின்றிருக்கிறது. கோயில் மாதிரி கட்டினார்கள் என்பதை விட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வடிவத்தைக் கடன் வாங்கினார்கள், வாசலில் நிற்கிற காவலை வாங்கவில்லை.

நம்ம அசரியாவும் ஒன்று கட்டினார். இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லில், அவர் பிஷப்பாக இருந்த ஊரில். முகலாய பாணிக் குவிமாடம், திராவிடத் தூண் எல்லாம் சேர்ந்த பேராலயம். கால் நூற்றாண்டு உழைப்பு, 1939 ஜனவரியில் பிரதிஷ்டை. பணத்தை விட அரிசியும் உழைப்புமாகக் கொடுக்கக்கூடிய ஏழை ஜனங்களின் சபை அது. அவர்கள் அதற்கு முன்னால் எந்தப் பெரிய கட்டடத்தையும் 'நம்முடையது' என்று சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

*

திரும்பும் பஸ்ஸில் அம்மா தானாகவே பேசினார்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. மனசு அடங்குது."

நண்பன் உற்சாகமாகிவிட்டான். "அப்ப கோபுரத்துக்கு உன் ஓட்டு?"

"ஓட்டு இல்ல."

"ஏம்மா?"

"எங்க அப்பாரு காலத்துல வேதத்துக்கு வந்தோம். எதுக்கு வந்தோம்? ஊர்க் கோயில்ல திருவிழான்னா மேளம் அடிக்க எங்காளுங்க வேணும், உள்ள வர்றதுக்கு வேணாம். சட்டம் வந்துடுச்சுன்னு சொன்னாங்க. எங்க ஊருக்கு வழி தெரியல போல, வந்து சேரவேயில்ல. அப்போ உபதேசியார் ஒருத்தர் வந்து எங்க திண்ணையில உட்கார்ந்து, எங்க சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாரு. அதுக்குத்தான் வந்தோம். கோபுரத்துக்கு இல்ல."

பழைய கதை என்று தள்ள முடியாது. 2023 ஜனவரி 30-ம் தேதி, இதே திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதல் முறையாகப் பொங்கல் பானையும் மாலையுமாக நுழைந்தார்கள். அதிகாரிகள் கூட இருக்க, நூற்றுக்கணக்கான போலீஸார் காவல் நிற்க. சந்திரயான்-2 போய் மூன்று வருஷம் கழித்து!

"சரிம்மா, இப்பதான் நாம சபையில எல்லாரும் சமம்தானே?" என்றான் நண்பன்.

அம்மா சிரித்தார். எனக்குப் பயமாக இருந்த சிரிப்பு.

"நீ கணக்குப் புஸ்தகம் பார்க்கிற. நான் பெஞ்சைப் பார்க்கிறேன். முதல் ரெண்டு பெஞ்சுல யார் வீட்டு ஆளு உட்காருவாங்கன்னு சொல்லு பார்க்கலாம்."

நண்பன் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்ட 'ம்'-க்கு அர்த்தம் இப்போது புரிந்தது.

இதுவும் நேற்று முளைத்த வியாதி இல்லை. தமிழ்நாட்டு ஆங்கிலிகன் சபைகளில் சாதி வாரியாகத் தனித்தனி இடம், நற்கருணையில்கூட யார் முன்னால் என்ற தகராறு. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரிய புலவரான வேதநாயகம் சாஸ்திரியார் முதல் பலர் அதை எதிர்த்தார்கள். கோபித்துக்கொண்டு சபை மாறினவர்களும் உண்டு. ஊசிக் கோபுரத்துக்குக் கீழே நடந்த சண்டை அது. அப்போது கட்டடம் அசல் இங்கிலாந்து பாணி. சாதி மட்டும் அசல் நம்ம பாணி.

ஆக, கோபுரமா ஊசியா கண்ணாடியா என்று மூன்று பிளானை விரித்து வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, நாலாவதாக ஒரு பிளான் போடவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது உட்கார்கிற பிளான். கட்டட இன்ஜினீயர் அதைப் போட மாட்டார்.

செங்கம் தாண்டியதும் தூரத்தில் மலை தெரிந்தது. ஊரை நெருங்க நெருங்க, ராஜகோபுரத்தின் உச்சியும் தெரிந்தது. பஸ்ஸில் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழக்க தோஷம், நானும். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள போயிருக்கீங்களாம்மா?"

"ஒரு தடவை. இவன் பொறந்தப்புறம், பக்கத்து வீட்டு அம்மா கூட. ஆயிரங்கால் மண்டபத்துல உட்கார்ந்து முறுக்கு தின்னோம்." கொஞ்சம் விட்டு, "யாரும் ஒண்ணும் கேக்கல" என்றார்.

எழுபத்தெட்டு வயதுக்காரர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமா அது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது?

*

ஊருக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நண்பனிடமிருந்து போன்.

"என்னடா ஆச்சு? எந்த பிளான் பாஸ்?"

"எதுவும் ஆகலடா. அம்மா எழுந்து பேசினாங்க. கோபுரம் வெச்சாலும் சரி, கண்ணாடி வெச்சாலும் சரி, எனக்கு ரெண்டே விஷயம் வேணும்னாங்க. ஒண்ணு, வாசல்ல படி வேணாம், சரிவாப் போடுங்க, முட்டி வலிக்குது. அதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க."

"ரெண்டாவது?"

"பெஞ்சு வேணாம். திருப்பத்தூர்ல மாதிரி எல்லாரும் தரையில உட்காரணும். முடியாதவங்களுக்கு மட்டும் சேர், அதுவும் கடைசியில. அதோட கூட்டம் ரெண்டாப் பொளந்துடுச்சு. கோபுரம் வேணும்னு ஐயர் பக்கம் நின்னவங்கள்ல பாதிப் பேரு, தரையில உட்கார்றது நம்ம கலாசாரம் இல்லங்கறாங்க!"

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்கு. அது வரைக்கும் பழைய ஓட்டுக் கட்டடம்தான்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

போனைக் கை மாற்றுகிற சத்தம்.

"தம்பி, கால் கொப்புளம் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மா. நீங்க என்ன பண்ணீங்க இன்னைக்கு, கூட்டம் முடிஞ்சப்புறம்?"

"ஆராதனைக்கு முன்னாடியே பண்ணிட்டேன்பா. சீக்கிரமாப் போயி முதல் பெஞ்சுல உட்கார்ந்துட்டேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல" என்றார் அம்மா. பிறகு ஒரு சிரிப்பு. "வயசானவ, முட்டி வலின்னு நினைச்சிருப்பாங்க. அடுத்த வாரமும் போவேன் இல்ல? அப்ப கேப்பாங்க."